உச்சிக்கு ஏறும் புழு

மார்கழிப் பட்டத்து மல்லாட்டை (நிலக்கடலை) கொல்லையில் வெயில் ஏறுகிற நேரத்தில் நடந்தால், சில வருடங்களில் ஒரு காட்சி தட்டுப்படும். செடியின் உச்சி இலையைப் பின்னங்கால்களால் பற்றிக்கொண்டு ஒரு புழு தலைகீழாகத் தொங்கும். உடம்பு ஊதிக் கருத்து, தொட்டால் பொத்துக்கொண்டு ஒழுகும் பதத்தில் இருக்கும். குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருந்த என் மாமாவுக்கு அதைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும். "புரோடீனியாவுக்கு நோவு வந்துடுச்சு, இனிமே மருந்து செலவு மிச்சம்" என்பார். செத்த புழுக்களை ஒரு பழைய டப்பாவில் பொறுக்கிப் போட்டு, தண்ணீர் விட்டு அரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சாயங்காலமாகத் தெளிப்பார்.

எனக்கு அப்போது புரியாத விஷயம் ஒன்று உண்டு. புரோடீனியா பகலில் வெளியே தலைகாட்டாத புழு. மண் வெடிப்பிலும் சருகுக்கு அடியிலும் ஒளிந்திருந்து, இருட்டிய பிறகு ஏறி வந்து மேயும். காக்கைக்கும் மைனாவுக்கும் பயந்து அப்படிப் பதுங்குகிற ஜீவன், சாகும்போது மட்டும் ஏன் பட்டப்பகலில், ஊரே பார்க்கும்படி உச்சியில் போய்த் தொங்குகிறது?

அந்த நோவு ஒரு வைரஸ். முழுப் பெயர் நியூக்ளியர் பாலிஹெட்ரோசிஸ் வைரஸ். வேளாண் துறையில் எல்லோரும் என்.பி.வி. என்பார்கள். மாமா டப்பாவில் செய்ததைத்தான் ஆய்வகத்தில் சுத்தமாகச் செய்து பாட்டிலில் விற்கிறார்கள். ஹெக்டேருக்கு 250 எல்.இ. என்று சிபாரிசு. எல்.இ. என்றால் 'ஒரு புழு அளவு'. நன்றாக வளர்ந்து நோயில் செத்த ஒரு புழுவிலிருந்து கிடைக்கும் வைரஸ் என்று வைத்துக்கொள்ளலாம். கணக்கில் அது சுமார் 600 கோடி வைரஸ் பொதிகள். வெயிலின் புற ஊதாக் கதிரில் கெட்டுவிடும் என்பதால் சாயங்காலம் தெளிக்க வேண்டும், வெல்லம் கொஞ்சம் கலந்துகொள்ளலாம். அது மாமாவுக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது.

புழு உச்சியில் செத்தால் வைரஸுக்கு என்ன லாபம்? செத்த உடம்பு கரைந்து கூழாகிறது. அதற்கான நொதிகளையும் வைரஸே தயாரிக்கிறது. கூழ் கீழே சொட்டுகிறது, மழை பெய்தால் இன்னும் பரவலாக இறங்குகிறது, கீழ் இலைகளெல்லாம் பூசப்படுகின்றன. அந்த இலையைத் தின்கிற அடுத்த புழுவுக்கும் அதே கதி. பறவை கொத்திப் போனாலும் நஷ்டமில்லை. எச்சத்தோடு வேறு கொல்லையில் போய் விழும்.

சரி, வைரஸ் இதையெல்லாம் யோசித்துச் செய்கிறதா? அதற்கு மூளையும் கிடையாது, திட்டமும் கிடையாது. இரண்டு வகை வைரஸ் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். ஒன்று, புழுவை அதன் பதுங்குமிடத்திலேயே சாக விடுகிறது. பொதிகள் மண்ணோடு கிடந்து, ஏதோ ஒரு மழைத்துளி தெறித்து இலைமேல் ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். மற்றொன்றில், தற்செயலாக நேர்ந்த ஒரு மரபணு மாற்றத்தால், நோயுற்ற புழு கொஞ்சம் அமைதியில்லாமல் திரிகிறது; ஒரு சாண் உயரத்தில் போய்ச் சாகிறது. அந்த ஒரு சாண் போதும். அடுத்த தலைமுறையில் இரண்டாவது வகையின் பிள்ளைகள் அதிகம். அப்புறம் இரண்டு சாண், மூன்று சாண். பல லட்சம் தலைமுறைகள் இந்த வடிகட்டலில் போன பிறகு நம் கண்ணுக்குத் தெரிவது, யாரோ உட்கார்ந்து தீட்டிய சதி போன்ற ஒன்று.

இங்கே சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஒட்டுண்ணி குடியிருக்கும் உயிரை நம் பாடநூல்கள் 'ஓம்புயிரி' என்றும் 'விருந்தோம்பி' என்றும் சொல்கின்றன. இரண்டாவது சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அழையாமல் வந்து, வீட்டைத் தின்று, கடைசியில் வீட்டுக்காரனையே மொட்டை மாடிக்குத் துரத்துகிறவனுக்கு என்ன விருந்தோம்பல்? இந்தக் கட்டுரையில் ஓம்புயிரி என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சாண், இரண்டு சாண் என்பது என் கற்பனைக் கணக்கு. ஆனால் அதற்கான மரபணு கற்பனை அல்ல. வட அமெரிக்கக் காடுகளை மொட்டையடிக்கும் லைமான்ட்ரியா என்ற அந்துப்பூச்சியின் புழுக்களை வைத்து 2011-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வைரஸின் 'ஈ.ஜி.டி.' என்ற ஒற்றை மரபணுவைச் சுட்டிக்காட்டியது. அந்த மரபணு உள்ள வைரஸ் தொற்றிய புழுக்கள் உயரமான புட்டிகளின் மேற்பகுதியில் செத்தன. மரபணுவை நீக்கிய வைரஸ் தொற்றியவை அடியில் செத்தன. திரும்பச் சேர்த்ததும் மறுபடி மேலே போய்ச் செத்தன. ஈ.ஜி.டி. செய்யும் வேலை, புழு தோலுரிப்பதற்கான ஹார்மோனை முடக்கிவிடுவது. ஆரோக்கியமான புழு தோலுரிக்கும் முன் மேய்வதை நிறுத்திக் கீழே இறங்கி ஒதுங்கும். ஹார்மோன் முடங்கினால் இறங்கச் சொல்லும் உத்தரவு வருவதில்லை என்று கருதுகிறார்கள். தின்றுகொண்டே மேலேயே நிற்கிறது. அதாவது வைரஸ் 'ஏறு' என்று புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. 'இறங்கு' என்ற பழைய குரலை அமுக்கிவிட்டது, அவ்வளவுதான்.

பட்டுப்புழுவைத் தாக்கும் வைரஸில் இதே போல இன்னொரு மரபணு உண்டு, 'பி.டி.பி.' என்று பெயர். அதை எடுத்துவிட்டால் நோயுற்ற புழுக்களின் பரபரப்பான அலைச்சல் குறைந்துவிடுகிறது என்று 2005-ல் காட்டினார்கள். இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் அந்த மரபணுவின் பூர்வீகம். அது வைரஸின் சொந்தச் சொத்து அல்ல. முன்னொரு காலத்தில் ஏதோ ஒரு பூச்சியிடமிருந்தே வைரஸ் சுட்டுக்கொண்டது என்று அதன் வரிசையமைப்பு காட்டுகிறது. ஈ.ஜி.டி.யின் பூர்வீகமும் பூச்சிதான் என்கிறார்கள். வீட்டுக்காரனின் சாவிக்கொத்திலிருந்தே ஒரு சாவியை உருவிக்கொண்டு, பரம்பரை பரம்பரையாக அதே வகை வீடுகளைத் திறக்கிறான் திருடன்.

வெளிச்சத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. பச்சைக் காய்ப்புழுவில் சீன ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், என்.பி.வி. தொற்றிய புழுக்கள் ஒளியை நோக்கிப் போயின. புழுவின் பார்வை சார்ந்த மரபணுக்களின் வேலை மாறியிருந்தது. பார்வையைப் போக்கிய புழுக்களிடம் அந்த ஈர்ப்பு மங்கியது. வெயிலைப் பார்த்துப் போனால் போதும், செடியில் அது உச்சியில்தானே முடியும்.

வைரஸுக்காவது ஒரே ஓம்புயிரி. பல ஒட்டுண்ணிப் புழுக்களின் வாழ்க்கை, நேர் வண்டி இல்லாத ஊருக்குப் பயணம் போவது மாதிரி. ஒரு பஸ்ஸில் ஏறி, நடுவில் இறங்கி, இன்னொன்று பிடித்து, அப்புறம் மூன்றாவது. வண்டியில் இருக்கும்வரை சோறு, நிழல் எல்லாம் கிடைக்கும். ஆபத்து மாறுகிற இடத்தில்தான். பெரும்பாலான முட்டைகளும் குஞ்சுகளும் அந்த இடைவெளியில்தான் அழிந்துபோகின்றன. ஆகவே ஓட்டுநரைக் கொஞ்சம் வழி திருப்பி, அடுத்த வண்டி நிற்கும் இடத்துக்கே கொண்டுபோக வைக்கிற எந்தச் சின்ன மாற்றத்துக்கும் பரிணாமத்தில் பெரிய கூலி கிடைக்கும். 1982-ல் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்: ஒரு மரபணுவின் விளைவு அது இருக்கும் உடம்போடு முடிந்துவிடுவதில்லை, அடுத்தவன் உடம்பின் நடத்தையிலும் அது வெளிப்படலாம்.

இந்த வகையில் எறும்பையும் ஆட்டையும் இணைக்கும் ஒரு தட்டைப்புழுதான் என் கணக்கில் எல்லாவற்றுக்கும் மேல். டைக்ரோசீலியம் என்று பெயர். முதிர்ந்த புழு ஆட்டு ஈரலின் பித்தக்குழாயில் இருக்கும். முட்டை புழுக்கையோடு வெளியேறும், நத்தை தின்னும். நத்தை வெளித்தள்ளும் சளி உருண்டையை எறும்பு தின்னும். இனி ஆட்டுக்குள் திரும்ப வேண்டும். ஆடு எறும்பைத் தேடித் தின்னுமா? எறும்புக்குள் போன கூட்டத்தில் பெரும்பாலானவை வயிற்றில் உறை கட்டிக்கொண்டு காத்திருக்க, ஒன்று மட்டும் தலைக்குப் போய், உணவுக்குழாய்க்குக் கீழுள்ள நரம்பு முடிச்சை ஒட்டி அமர்கிறது. அந்த எறும்பு பொழுது சாய்ந்து குளிர்ந்ததும், கூட்டாளிகள் புற்றுக்குத் திரும்பும் வேளையில், ஒரு புல்லின் நுனிக்கு ஏறித் தாடையால் கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கிறது. குளிர்ந்த வேளைதான் ஆடுகள் நன்றாக மேயும் வேளை. விடிந்து வெயில் சுள்ளென்று ஏறியும் ஆடு வரவில்லை என்றால், தாடை விடுபடுகிறது. எறும்பு இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல வேலைக்குப் போகிறது. மறுபடி குளிர்ந்ததும் மறுபடி ஏறும்.

இந்தத் தளர்த்தல்தான் நுட்பம். வெயிலிலும் அப்படியே கவ்விக்கொண்டிருந்தால் எறும்பு காய்ந்து சாகும், உள்ளே இருப்பவையும் சாகும். பூட்டுக்கு வெப்பநிலையே சாவியாக இருப்பதை டென்மார்க்கில் காட்டெறும்புகளுக்கு அடையாளம் இட்டுக் கவனித்த ஆய்வு 2023-ல் உறுதிப்படுத்தியது. அது மட்டுமல்ல, தலைக்குப் போன புழு உறை கட்டுவதில்லை. ஆட்டின் வயிற்றில் அது செரித்துப்போகும். மற்றவை ஈரலுக்குப் போய்ப் பெருகும். தன் பங்கை இழந்து கூடப் பிறந்தவர்களைக் கரை சேர்க்கும் நடத்தை பரிணாமத்தில் எப்படி நிலைக்கிறது என்றால், எறும்புக்குள் இருப்பவற்றில் பலவும் ஒரே நத்தையில் பிரதியெடுத்தாற்போலப் பெருகிய, ஒரே மரபணுத் தொகுதி கொண்ட உடன்பிறப்புகளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எறும்பை மரத்தில் ஏற்றி, இலையைக் கவ்வ வைத்துக் கொல்லும் பூஞ்சையைப் பற்றி இணையத்தில் போதுமான அளவு பார்த்திருப்பீர்கள்; அதை நீட்டவில்லை. ஒன்று மட்டும்: ஜெர்மனியில் கிடைத்த சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுப் பழமையான இலைப் படிமத்தில், எறும்பு இலை நரம்பைக் கவ்வியதற்கான அதே பல்தடம் இருக்கிறது. பழைய வித்தை.

வெட்டுக்கிளி வகைகளிலும் கும்பிடுபூச்சியிலும் வளரும் குதிரைமுடிப் புழு இதைவிட வியப்பு. முதிர்ந்ததும் அதற்கு நீர்நிலை வேண்டும், ஏனென்றால் இணை சேர்வது தண்ணீரில்தான். தரையில் வாழும் பூச்சி தானாகப் போய் ஓடையில் குதிக்கிறது; முடி போன்ற நீளப் புழு நெளிந்து வெளியே வருகிறது. ஜப்பானின் ஓர் ஓடையில் மீன்களுக்கு ஆண்டு முழுவதும் கிடைத்த ஆற்றலில் சுமார் 60 சதவீதம் இப்படி வந்து விழுந்த பூச்சிகளிலிருந்துதான் என்று 2011-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு புழு தன் வேலையாகப் பூச்சியைத் தண்ணீருக்கு ஓட்டுகிறது. ஓடை மீன்கள் அதில் பசியாறுகின்றன. 2023-ல் இந்தப் புழுவில் கும்பிடுபூச்சியின் மரபணுக்களை ஒத்த 1,400-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதாக அறிவித்தார்கள். மறுபடியும் அதே சாவிக்கொத்து.

பிச்சாவரத்தில் படகு போகும் கால்வாய்களின் ஓரச் சேற்றை, நீர் வற்றியிருக்கும்போது குனிந்து பாருங்கள். கூம்பு வடிவச் சிறு நத்தைகள் கொட்டி வைத்தது போலக் கிடக்கும். மேலே கொக்கும் உள்ளானும் நடந்துகொண்டிருக்கும், ஓரத்து நீரில் சிறு மீன்கள். நத்தை, மீன், பறவை என்ற மூன்று வண்டிகளும் ஒரே நிலையத்தில் நிற்கும் இடம் இது. இதே அமைப்புள்ள கலிபோர்னியாவின் உப்புச் சதுப்பில், அதே நத்தைக் கூட்டத்தின் சொந்தக்கார நத்தை ஒன்றிலிருந்து ஒரு தட்டைப்புழு புறப்பட்டு, சிறு மீனின் மூளையைச் சுற்றிப் படிகிறது. நோயுற்ற மீன் மேல்மட்டத்துக்கு வந்து துள்ளுகிறது, பக்கவாட்டில் சாய்ந்து வெள்ளி வயிற்றைக் காட்டிப் பளிச்சிடுகிறது. அப்படிப்பட்ட மீன்கள் பறவைக்கு இரையாவது 10 முதல் 30 மடங்கு அதிகம் என்று லாஃபெர்ட்டி, மாரிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996-ல் காட்டினார்கள். பறவையின் குடல்தான் புழுவின் கடைசி ஊர்.

இந்தப் புழுக்கள் மூளையை எப்படி இயக்குகின்றன என்று கேட்டால் பதில் நம் எதிர்பார்ப்பை விடச் சாதாரணமானது. இறாலின் தூரத்துச் சொந்தமான ஒரு நன்னீர் உயிரி, ஆபத்து வந்தால் அடிச் சேற்றுக்குள் பாயும். முள்தலைப் புழு தொற்றியது மேலே வெளிச்சத்துக்கு வந்து எதையாவது பற்றிக்கொள்ளும், வாத்து தின்னும். தொற்றே இல்லாத ஒன்றுக்குச் செரடோனின் (நரம்புகளுக்கிடையே சேதி கடத்தும் ரசாயனம்) ஊசி போட்டபோது அதுவும் அப்படியே பற்றிக்கொண்டது. பயம், ஓட்டம், பற்றுதல் எல்லாம் ஓம்புயிரியிடம் முன்பே இருப்பவை. ஸ்விட்ச் போர்டு அவனுடையது, விரல் மட்டும் இன்னொருவனுடையது.

இதைப் படித்துவிட்டு எல்லா வினோதத்துக்கும் ஒரு புழுவைக் காரணம் காட்டக் கூடாது. நோயாளி தள்ளாடுவது வெறும் தள்ளாட்டமாகவும் இருக்கலாம். நல்ல உதாரணம் மலேரியா. தொற்றும் நிலைக்கு வந்த கொசுக்களில் 22 சதவீதம் ஒரே இரவில் ஒருவருக்கு மேல் கடித்தன, தொற்றில்லாதவற்றில் 10 சதவீதம்தான் என்று தான்சானியாவில் 1998-ல் கண்டார்கள். ஒட்டுண்ணியே கொசுவை அலைய வைக்கிறது என்ற விளக்கம் கச்சிதமாகப் பொருந்தியது. 2013-ல் வேறொரு குழு, மலேரியாக் கிருமிக்குப் பதிலாகச் செத்த பாக்டீரியாவைச் செலுத்தியபோதும் கொசுவின் கடிக்கும் நாட்டம் அதேபோல மாறியது. அப்படியானால் மாற்றத்தின் வேர் கொசுவின் நோய் எதிர்ப்பு வினையில் இருக்கிறது. ஒட்டுண்ணி அதைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறதா, தற்செயலாகப் பலன் பெறுகிறதா என்பது தனிக் கேள்வி. பூனை மலத்திலிருந்து வரும் டோக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி எலிக்குப் பூனை வாடைமேல் உள்ள பயத்தைக் குறைக்கிறது என்பதுவரை சோதனைகள் இருக்கின்றன. அதை வைத்து மனிதர்களின் குணம், விபத்து, காதல் வரை இழுத்துப் பேசுவதை நான் நம்பவில்லை. மனிதன் அந்த ஒட்டுண்ணிக்கு முட்டுச்சந்து. நம்மைப் பூனை தின்பதில்லை.

ஆனால் மனிதனை நிஜமாகவே நடக்க வைத்த புழு ஒன்று இருந்தது. நரம்புச்சிலந்தி. குடிதண்ணீரில் உள்ள நுண்ணிய உயிரிகளோடு உள்ளே போய், சுமார் ஓராண்டு வளர்ந்து, பெரும்பாலும் காலில் தோலுக்கடியில் கொப்புளமாக வரும். கொப்புளம் நெருப்பாக எரியும். எரிச்சல் தாங்காமல் ஆள் குளத்திலோ படிக்கிணற்றிலோ காலை நனைப்பார். அந்த நொடிக்காகக் காத்திருந்த பெண்புழு ஆயிரக்கணக்கான இளம்புழுக்களைத் தண்ணீரில் விடும். அதே தண்ணீரை ஊர் குடிக்கும். மூளையைத் தொடவே இல்லை பாருங்கள். வலி ஒன்றே போதும், ஆள் தன் காலாலேயே தண்ணீருக்கு நடந்து போகிறார். இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-ல் நோய் ஒழிந்த நாடாகச் சான்று கிடைத்தது. ஒழித்ததும் நடையைத் தடுத்துத்தான்: கிணற்றுக்குள் இறங்க விடாமல் படிகளை மூடினார்கள், குடிநீரைத் துணியில் வடிகட்டச் சொன்னார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்கு நெருக்கமான புழு வேறு. யானைக்கால் நோயைத் தருவது. இது மனிதனை எங்கும் நடக்க வைப்பதில்லை, தானே நேரம் பார்த்து நடக்கிறது. முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் இருக்கும். அவற்றின் குஞ்சுகளான நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நுண்ணிய ரத்தக்குழாய்களில் ஒதுங்கியிருந்து, இரவு பத்து மணி முதல் இரண்டு மணி வரை தோலையொட்டிய ரத்தத்தில் திரளும். இங்கே நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு கடிக்கும் நேரம் அதுதான். பகலில் கடிக்கும் கொசுக்கள் நோயைப் பரப்பும் பசிபிக் தீவுகள் சிலவற்றில் அதே இனப் புழு பகலிலும் ரத்தத்தில் நிற்கிறது. ஆளைப் பகலில் தூங்கி இரவில் விழிக்க வைத்தால் சில நாட்களில் புழுவும் நேரத்தை மாற்றிக்கொள்கிறது என்று மெக்கென்சி என்ற மருத்துவர் 1880-களின் தொடக்கத்திலேயே பார்த்தார். இன்னொருவனை வழி திருப்புவதற்கு ஆகும் செலவு இதற்கு இல்லை. அவன் எப்போது அசையாமல் படுப்பான், கொசு எப்போது வரும் என்ற கடிகாரம் போதும்.

கழிவுநீரில் பெருகும் அந்தக் கொசுவுக்குப் புதுச்சேரியின் வாய்க்கால்கள் ஒரு காலத்தில் நல்ல தொட்டில். நோய்க்கடத்திகளை ஆராயும் மத்திய அரசின் மையம் 1975-ல் இங்கே வந்தது. 1981-லிருந்து ஐந்தாண்டு நகர் முழுக்கக் கொசுவைக் கட்டுப்படுத்தும் திட்டம் நடந்தது. என் மனைவியின் பாட்டி வீடு பெரிய வாய்க்காலுக்கு மேற்கே. ராத்திரிச் சாப்பாடு முடிந்து பாய் விரித்த பிறகு ரத்தம் தடவும் கண்ணாடிச் சில்லுகளோடு ஆட்கள் வந்து கதவைத் தட்டுவார்களாம். வீட்டில் ஒருவர் விடாமல் விரல் நுனியில் குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு தடவை பாட்டி சண்டைக்கே போய்விட்டார்.

"ஏம்ப்பா, பகல்ல எல்லாம் எங்க போனீங்க? தூங்கற புள்ளைய எழுப்பி ஊசி குத்தறீங்களே?"

"பகல்ல எடுத்தா புழு மாட்டாதும்மா. ராத்திரிலதான் வெளிய வரும்."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தாராம். அப்புறம், "அதுக்கும் நைட் டூட்டியா?" என்று கேட்டுவிட்டு முதல் ஆளாக விரலை நீட்டினாராம்.